பிளாஸ்டிக் பேட், நாலு கோன், ஒரு பை: கிரிக்கெட் தெரியாத ஊருக்கு கிரிக்கெட் எப்படிப் போகிறது?

கிளையன்ட் கால். இன்னும் இரண்டு பேர் சேரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மேனேஜர் சும்மா பேச்சுக்குக் கேட்கிறார்: “நேத்து உங்க டீம் மொத்தமும் ஏதோ மேட்ச் பார்த்துட்டு லேட்டா தூங்கினீங்களாமே, அதை எப்படி விளையாடுவாங்க?”

நீங்கள் உற்சாகமாகத்தான் ஆரம்பிப்பீர்கள். பதினோரு பேர், ஆறு பந்துக்கு ஒரு ஓவர், உருண்டு கோட்டைத் தாண்டினால் நாலு, பறந்து தாண்டினால் ஆறு. அதுவரை பிரச்சினை இல்லை. எல்பிடபிள்யூ வந்ததும் குரல் தடுமாறும். “பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆச்சுன்னா அவுட் இல்ல. ஆனா ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகி, பேட்ஸ்மேன் ஷாட்டே ஆடலைன்னா...” திரையில் இருப்பவர் மரியாதையாகச் சிரிப்பார். “ஓகே, எல்லாரும் வந்துட்டாங்க, ஆரம்பிக்கலாமா?” என்பார்.

கிரிக்கெட்டின் அதிகாரபூர்வ விதிகள் மொத்தம் 42. நம்மில் யாரும் அந்த 42-ஐயும் படித்துவிட்டு ஆட வந்தவர்கள் இல்லை. ஐந்து வயதில் அண்ணனோ பக்கத்து வீட்டுப் பையனோ கையில் பேட்டைத் திணித்து, “ஸ்டம்ப்ல பட விடாதே” என்றார்கள். சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் தெருவில் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது.

அப்படியொரு அண்ணனே இல்லாத ஊர்களில் என்ன செய்வது? ஐசிசியில் இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். அதில் டெஸ்ட் ஆடுபவை 12 மட்டும்தான். மீதி நாடுகள் பலவற்றில், தெருவில் பேட்டோடு ஒருவர் போனால் அது என்ன கட்டை என்று கேட்பார்கள். அங்கெல்லாம் ஆட்டத்தை அறிமுகப்படுத்த கிரிக்கெட் உலகம் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கும் வழி ஒன்றுதான்: ஊர் ஊராகப் போவது. பெரிய நட்சத்திரங்கள் காட்சிப் போட்டி ஆடுவார்கள். உலகக் கோப்பை பஸ்ஸில் ஊர்வலம் வரும். மைதானத்தில் பெரிய திரை கட்டுவார்கள். அல்லது ஒரு வேனில் பிளாஸ்டிக் பேட்டுகள் வந்து இறங்கும். இவற்றில் எது உண்மையிலேயே புது ஆட்களைக் கொண்டுவருகிறது, எது ஏற்கெனவே ரசிகராக இருப்பவர்களையே இன்னொரு முறை கூட்டுகிறது என்பதுதான் விஷயம்.

சர்க்கஸ் போல வந்த பதினோரு பேர்

இந்த யோசனை புதிதல்ல. 1846-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் கிளார்க், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி ‘ஆல் இங்கிலாந்து லெவன்’ என்று ஓர் அணி அமைத்தார். இன்று டெஸ்ட் போட்டிகள் நடக்கும் ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானத்தை 1838-ல் தொடங்கியவரும் இவர்தான். அங்கே இருந்த விடுதியின் உரிமையாளரான விதவைப் பெண்ணை மணந்தார்; விடுதிக்குப் பின்னால் இருந்த இடத்தை மைதானமாக்கி, உள்ளே வர டிக்கெட் போட்டார். வியாபாரம் தெரிந்த மனிதர்.

அப்போதுதான் இங்கிலாந்தில் ரயில் பாதைகள் பரவிக்கொண்டிருந்தன. கிளார்க்கின் அணி ரயில் பிடித்து ஊர் ஊராகப் போனது. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பதினோரு பேர் ஒரு சின்ன ஊரின் பதினோரு பேரோடு மோதினால் மதியத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடுமே? அதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். உள்ளூர் அணியில் 18 பேர், 20 பேர், சில இடங்களில் 22 பேர்கூட ஆடலாம்.

22 பேர் ஃபீல்டிங் நிற்கும் மைதானத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பந்து எங்கே போனாலும் அங்கே ஓர் ஆள். பேட்டிங்கில் 21 விக்கெட் விழ வேண்டும். ஆட்டத்தைச் சமமாக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அதில் இன்னொன்றும் நடந்தது. ஊரில் இருந்து 22 பேர் மைதானத்துக்குள் இருந்தார்கள். அவர்களின் வீட்டார், கடையில் வேலை செய்பவர்கள், கடன் கொடுத்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். நாட்டிலேயே சிறந்த பவுலரிடம் ‘டக்’ ஆனதை ஒருவர் ஆயுசுக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நம் தெருவில் ஆள் பத்தாதபோது இரண்டு பக்கமும் ஆட ஒரு காமன் பிளேயரைச் சேர்த்துக்கொள்வோமே, கிட்டத்தட்ட அதே புத்திதான். ஆட்டம் நடக்கணும், அதற்கு விதியை வளைக்கலாம்.

1859-ல் இதே மாதிரி ஓர் அணி கப்பலேறி வட அமெரிக்காவுக்குப் போனது. ஜார்ஜ் பார் தலைமையில் 12 ஆட்டக்காரர்கள். மான்ட்ரியல், நியூயார்க் பக்கத்தில் ஹோபோகன், ஃபிலடெல்ஃபியா என்று சுற்றி, எல்லா இடத்திலும் 22 பேர் கொண்ட உள்ளூர் அணிகளோடு மோதி ஜெயித்துத் திரும்பியது. இங்கிலாந்து கிரிக்கெட் அணி வெளிநாடு போன முதல் பயணம் அதுதான். அமெரிக்கா என்றதும் ஆச்சரியப்பட வேண்டாம். உலகின் முதல் சர்வதேச கிரிக்கெட் போட்டியே 1844-ல் நியூயார்க்கில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடந்ததுதான்.

அப்புறம் ஏன் அங்கே கிரிக்கெட் தங்கவில்லை? 1861-ல் உள்நாட்டுப் போர் வந்தது. போர் முகாம்களில் ஒரு குச்சியும் பந்தும் இருந்தால் ஆடக்கூடிய பேஸ்பால் பரவியது. கிரிக்கெட்டுக்கு நல்ல தரை வேண்டும், நேரம் வேண்டும். வசதியானவர்களின் கிளப்புகளுக்குள், குறிப்பாக ஃபிலடெல்ஃபியாவில், அது கொஞ்ச காலம் செழிப்பாக இருந்து ஒடுங்கிப்போனது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒலிம்பிக்கில் கிரிக்கெட் ஒரே ஒரு முறை ஆடப்பட்டது, 1900 பாரிஸில். மொத்தமே ஒரு மேட்ச். பிரிட்டன் சார்பில் வந்தது, சுற்றுப்பயணத்தில் இருந்த ‘டெவன் அண்ட் சாமர்செட் வாண்டரர்ஸ்’ என்ற கிளப் அணி. எதிரில் நின்ற பிரான்ஸ் அணியிலோ பெரும்பாலோர் பாரிஸில் குடியிருந்த பிரிட்டன்காரர்கள். சைக்கிள் பந்தய மைதானத்தில், பக்கத்துக்கு 12 பேராக ஆடினார்கள். பிரிட்டன் 158 ரன்னில் ஜெயித்தது. ஆடியவர்களுக்கே அது ஒலிம்பிக் என்று தெரியாது. 1912-ல்தான் அதிகாரபூர்வமாகக் கணக்கில் சேர்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு கிரிக்கெட்டைக் காட்டப் போய், இங்கிலீஷ்காரர்களே இங்கிலீஷ்காரர்களோடு ஆடிவிட்டு வந்த கதை.

நியூயார்க்கில் முளைத்து மறைந்த ஸ்டேடியம்

சிரிக்கலாம். ஆனால் இந்தக் கதை அடுத்த நூற்றாண்டிலும் நடந்தது, இன்னும் பிரமாண்டமாக.

2015 நவம்பரில் சச்சின் டெண்டுல்கரும் ஷேன் வார்னும் ஓய்வுபெற்ற நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்காவின் மூன்று நகரங்களுக்குப் போனார்கள். நியூயார்க், ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ். மூன்று இடத்திலும் பேஸ்பால் மைதானம், அதன் நடுவில் வெளியே தயாரித்துக் கொண்டுவந்து பதித்த பிட்ச். வார்ன் அணி மூன்றிலும் ஜெயித்தது. அமெரிக்கர்களுக்கு கிரிக்கெட்டை அறிமுகப்படுத்துகிறோம் என்றுதான் விளம்பரம். கேலரியில் ‘சச்சின்... சச்சின்...’ என்று கத்தியவர்களுக்கு அறிமுகம் எதற்கு? எச்-1பி விசாவில் வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பாகிஸ்தான், கரீபியன் நாடுகளில் இருந்து வந்து குடியேறியவர்கள். காசு கொடுத்து வந்ததும், சத்தம் போட்டதும் அவர்கள்தான்.

2024-ல் டி20 உலகக் கோப்பையே அங்கே போனது. நியூயார்க்குக்குப் பக்கத்தில் நாசாவ் கவுன்ட்டியில், ஐசனோவர் பார்க்கில், 34 ஆயிரம் பேர் உட்காரும் தற்காலிக ஸ்டேடியம் சில மாதங்களில் எழுந்தது. லாஸ் வேகாஸ் ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் பயன்பட்ட கேலரிகளை எடுத்து வந்து மாட்டினார்கள். பிட்ச், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மைதானப் பராமரிப்பாளர் குழுவின் கைவண்ணம். ஃபுளோரிடாவில் வளர்த்து லாரியில் ஏற்றி வந்தது. அது படுத்திய பாடு நினைவிருக்கும். முதல் மேட்ச்சிலேயே இலங்கை 77-க்கு ஆல் அவுட். இந்தியா 119 எடுத்து, பாகிஸ்தானை 6 ரன்னில் ஜெயித்ததும் அங்கேதான். ஜூன் 12-ம் தேதி இந்தியா–அமெரிக்கா ஆட்டம் முடிந்தது, ஸ்டேடியத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆறு நாள் முன்னால் டெக்சாஸில் நடந்த ஆட்டம்தான் அந்தத் தொடரில் உண்மையான செய்தி. சூப்பர் ஓவரில் பாகிஸ்தானை அமெரிக்கா தோற்கடித்தது. அந்த ஓவரை வீசியவர் சவுரப் நேத்ரவால்கர். மும்பையில் வளர்ந்தவர், பகலில் ஆரக்கிளில் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். ஆபீஸுக்கு லீவ் நீட்டிக்கச் சொன்னாரா என்று இணையம் முழுக்க மீம் ஓடியது. கேப்டன் மோனாங்க் படேல், குஜராத்தின் ஆனந்தில் பிறந்தவர். அமெரிக்க அணிதான், ஆனால் அதில் பெரும்பாலோர் கிரிக்கெட்டைத் தங்கள் சொந்த ஊரிலிருந்தோ அப்பா அம்மாவின் ஊரிலிருந்தோ பெட்டியில் கட்டி எடுத்து வந்தவர்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. டல்லாஸ் பக்கம் கிராண்ட் ப்ரெய்ரியில், பழைய பேஸ்பால் மைதானத்தை மாற்றிக் கட்டிய கிரிக்கெட் ஸ்டேடியம் இருக்கிறது. 2023 ஜூலையில் மேஜர் லீக் கிரிக்கெட்டின் முதல் ஆட்டம் அங்கே நடந்தபோது ஆடி ஜெயித்தது டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ். கேலரி முழுக்க மஞ்சள். சேப்பாக்கத்தில் டிக்கெட் கிடைக்காதவர்கள் டெக்சாஸில் வாங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குடியேறியவர்களுக்கு அந்த மாலை ஊர்த் திருவிழா மாதிரி. அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் ‘புதிய ரசிகர்கள்’ என்ற கணக்கில் அவர்களை எழுதக்கூடாது.

நம் ஊரில் ஐபிஎல் ஃபேன் பார்க் இருக்கிறதே, அதையும் இங்கே சேர்க்கலாம். 2015-ல் பிசிசிஐ தொடங்கியது. ஐபிஎல் மேட்ச் நடக்காத ஊர்களாகப் பார்த்து, வார இறுதியில் பெரிய திரை, இலவச அனுமதி, முகத்தில் வர்ணம், சாப்பாட்டுக் கடைகள். 2025-ல் 23 மாநிலங்களில் 50 ஊர்கள் சுற்றியது, கோயம்புத்தூர் உட்பட. கையில் போன் இருக்கும்போது இதற்கு ஏன் மைதானம் போகணும் என்று கேட்பவர்கள், குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். வீட்டு டிவியில் சீரியலுக்கும் மேட்ச்சுக்கும் ரிமோட் சண்டை போட்ட ஒருவர் அங்கே விசில் அடித்துக்கொண்டிருப்பார். மற்றபடி அதுவும் தெரிந்தவர்களுக்கான கொண்டாட்டம்தான். விளையாட்டை அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டிய அவசியம் இல்லை.

அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது?

சொல்லித்தர வேண்டிய இடத்துக்குப் போகும் வேன் வேறு மாதிரி இருக்கும். பெரிய திரை கிடையாது, நட்சத்திரம் கிடையாது. ஒரு நீளமான துணிப் பை. அதில் சில பிளாஸ்டிக் பேட்டுகள், மெத்தென்ற பந்துகள், தரையில் குத்தத் தேவையில்லாமல் அடித்தட்டோடு தானே நிற்கும் ஸ்டம்புகள், நாலைந்து கோன்கள். பேட், க்ளவுஸ், ஹெல்மெட் எதுவும் வேண்டாம். பந்து மேலே பட்டாலும் வலிக்காது. முள்ளும் கல்லும் இருக்கும் பள்ளிக்கூட மைதானமோ, கார் பார்க்கிங்கோ போதும்.

இறங்கியதும் யாரும் விதி சொல்லமாட்டார்கள். நல்ல பயிற்சியாளருக்கு அடையாளமே, முதல் பத்து நிமிஷம் ‘கிரிக்கெட்’ என்ற வார்த்தையைக்கூட அதிகம் உச்சரிக்காததுதான். முதலில் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஆட்டம். அப்புறம் ஸ்டம்பைக் குறிபார்த்து எறியும் ஆட்டம். எந்த நாட்டுக் குழந்தைக்கும் குறிபார்த்து எறிவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாங்காய் இல்லாத ஊரில் வேறு ஏதாவது பழம் இருக்கும். அதன்பிறகுதான் பேட் வரும். பந்தை ஒரு கோன் மேல் வைத்து, ஓங்கி அடி, ஓடு, அந்தக் கோனைச் சுற்றிவிட்டு வா. நீ ஓடிக்கொண்டிருக்கும்போதே பவுலர் அடுத்த பந்தைப் போடலாம். வரிசையில் யாரும் சும்மா நிற்கவே முடியாத ஆட்டம் இது.

மேட்ச் என்று வரும்போதும் அதே கவனம்தான். இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ‘ஜோடி கிரிக்கெட்’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அணிக்கு எட்டுப் பேர், நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் குறிப்பிட்ட ஓவர்கள். அணி 200 ரன்னில் ஆரம்பிக்கும். அவுட் ஆனால் பெவிலியனுக்குப் போக வேண்டாம், ஸ்கோரில் 5 ரன் மாதிரி ஏதாவது கழித்துக்கொண்டு ஆட்டம் தொடரும். எல்லாரும் பேட் பிடிப்பார்கள், எல்லாரும் பந்து போடுவார்கள். ஃபீல்டிங் இடமும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? முதல் நாளே முதல் பந்தில் அவுட்டாகி, ஒன்றரை மணி நேரம் லாங் ஆனில் புல்லைப் பிடுங்கிக்கொண்டு நின்ற குழந்தை இரண்டாம் நாள் வராது. கிரிக்கெட்டை நேசிக்கும் நமக்கு இது உறைப்பதில்லை. வெளியிலிருந்து வருபவருக்கு கிரிக்கெட் என்பது, பெரும்பாலோர் பெரும்பாலான நேரம் ஒன்றும் செய்யாமல் நிற்கும் ஆட்டம். நம் தெருவிலும் ‘ட்ரையல் பால்’ என்று ஒன்று வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கா? புதுப் பையன் முதல் பந்திலேயே அவுட்டாகி அழுதுகொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான். ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் அவுட் என்ற விதியைக் கொண்டுவந்தது, ஒருவனே சாயங்காலம் முழுக்க பேட்டை விடாமல் ஆடக்கூடாது என்பதற்காக. இங்கிலாந்துப் பயிற்சியாளர்கள் வடிவமைத்ததையே எந்தச் சான்றிதழும் இல்லாமல் நம் தெருப் பையன்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ருவாண்டா: மைதானம் வந்த கதை

இந்தப் பை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க ருவாண்டாவுக்குப் போகணும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் சின்ன நாடு. பெல்ஜியத்தின் பிடியில் இருந்தது, பிரெஞ்சு பேசியது. கிரிக்கெட்டுக்கு அங்கே எந்த வேரும் இல்லை.

1994-ல் அங்கே நடந்த இனப்படுகொலையில் நூறு நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அது முடிந்ததும், உகாண்டாவிலும் கென்யாவிலும் அகதிகளாக வளர்ந்த தலைமுறை நாடு திரும்பியது. அவர்கள் அங்கே கற்ற கிரிக்கெட்டும் கூடவே வந்தது. 1999-ல் ருவாண்டா கிரிக்கெட் சங்கம் தொடங்கியது. தலைநகர் கிகாலியில் அவர்கள் ஆடிய மைதானம், கிசுகிரோவில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியின் வளாகம். 1994 ஏப்ரலில் அந்தப் பள்ளியில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐ.நா. படையை நம்பித் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11-ம் தேதி படை வெளியேறியது. தஞ்சம் புகுந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அந்த இடத்தில்தான் ஐந்தாறு வருடம் கழித்து ஸ்டம்ப் நட்டார்கள்.

‘கிரிக்கெட் வித்தவுட் பவுண்டரீஸ்’ என்று ஒரு பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு. 2005-ல் தொடங்கியது. தன்னார்வலர்கள் கைக்காசைப் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரம் போல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போவார்கள். ருவாண்டா, கென்யா, உகாண்டா, கேமரூன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி, பிள்ளைகளோடு ஆடி, ஆட்டத்தோடு கோத்து எச்.ஐ.வி. தடுப்பு பற்றியும் பேசுவார்கள். இந்தப் பயணங்களில் முக்கியமான வேலை பிள்ளைகளோடு ஆடுவதல்ல. அது போட்டோவில் நன்றாக வரும், அவ்வளவுதான். உள்ளூர் ஆசிரியர்களையும் இளைஞர்களையும் பயிற்சியாளராகத் தயார் செய்வதுதான் வேலை. வந்தவர்கள் பிளைட் ஏறிய மறு வாரம் பையைத் திறப்பதற்கு ஓர் ஆள் அங்கே இருக்கணும்.

பள்ளிக்கூடங்களில் ஆட்டம் பரவப் பரவ, ஆட நல்ல மைதானம் இல்லை என்ற பிரச்சினை பெரிதானது. அதற்காக நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். 2016 மே மாதம், அப்போதைய ருவாண்டா கேப்டன் எரிக் துசிங்கிசிமானா வலைக்குள் நின்று 51 மணி நேரம் தொடர்ந்து பேட் செய்து கின்னஸ் சாதனை படைத்தார். முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர்கூட வந்து ஒரு பந்து போட்டுவிட்டுப் போனார். 2017 அக்டோபரில், சுமார் 10 லட்சம் பவுண்டு செலவில், கஹாங்காவில் மைதானம் திறந்தார்கள். உள்ளூர் மண்ணில் செய்த ஓடுகளால் வளைந்து வளைந்து எழும் மூன்று கூரைகள். பந்து துள்ளிப் போகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு வருஷமும் இனப்படுகொலையின் நினைவாகப் பெண்களுக்கான ‘கிவிபுகா’ தொடர் நடத்துகிறார்கள். அந்த நாட்டு மொழியில் ‘நினைவுகூர்வது’ என்று பொருள்.

2023 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பைக்கு ருவாண்டா தகுதி பெற்றது. ஜிம்பாப்வேயைத் தோற்கடித்தார்கள், ஹென்ரியட் இஷிம்வே தொடர்ந்து நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தார். அடுத்த சுற்றில் வெஸ்ட் இண்டீஸை 4 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். வெஸ்ட் இண்டீஸை! 1999-ல் சங்கம் தொடங்கிய நாடு.

இதை ஒரு தொண்டு அமைப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. அகதிகளாகப் போய்த் திரும்பியவர்கள், 2008-ல் பள்ளிகளில் பிரெஞ்சுக்குப் பதில் ஆங்கிலம் கொண்டுவந்த அரசு, அடுத்த வருஷம் காமன்வெல்த்தில் சேர்ந்தது, ஐசிசி தந்த பணம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வெற்றி. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். நாசாவில் முதலில் ஸ்டேடியம் வந்தது, கூட்டம் வந்தது, பிறகு ஸ்டேடியம் போனது. ருவாண்டாவில் முதலில் பிள்ளைகள் வந்தார்கள். மைதானம் கடைசியில்தான் வந்தது.

கேன் ஸ்டம்பும் பிரேசிலும்

பிரேசில் கதையையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அங்கே போசோஸ் டி கால்டாஸ் என்று ஒரு மலை நகரம். கால்பந்துக்கு உயிரை விடும் நாட்டில், இந்த ஊரில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். கென்ட்டில் கிரிக்கெட் ஆடிவிட்டு, பிரேசில் பெண்ணை மணந்து அங்கே குடியேறிய மேட் ஃபெதர்ஸ்டோன் ஊருக்குள் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் இடங்களாகப் பார்த்து ஆட்டத்தைக் கொண்டுபோனார்.

அவருக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. பிரேசில் தெருக்களில் ‘டாக்கோ’ என்று ஒரு விளையாட்டு ஏற்கெனவே உண்டு. இரண்டு பேர் கையில் மட்டை, இரண்டு பக்கமும் கேனோ பாட்டிலோ விக்கெட்டாக நிற்கும். பந்தை அடித்துவிட்டு இரண்டு பேரும் ஓடி, நடுவில் மட்டையோடு மட்டை தட்டினால் பாயின்ட். பந்து கேனைத் தட்டிவிட்டால் அவுட். நமக்குப் பார்த்தால் ‘அட, இது நம்ம ஆட்டம்தானே’ என்று தோன்றும். அதனால் அங்கே விதிகளை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. ‘உங்க டாக்கோவுக்கு ஒரு பெரியண்ணன் இருக்கு, வந்து பாரு’ என்ற மாதிரிதான். 2020-ல் பிரேசில், ஆண்கள் அணிக்கு முன்பே பெண்கள் அணிக்கு ஒப்பந்தச் சம்பளம் கொடுத்தது. எந்தக் கிரிக்கெட் நாடும் அதுவரை அப்படிச் செய்ததில்லை.

ருவாண்டாவிலும் பிரேசிலிலும் பெண்கள் முன்னால் நிற்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நம் ஊரில் தெருவில் கிரிக்கெட் ஆரம்பிக்கும்போதே அது பையன்களின் ஆட்டம் ஆகிவிட்டது. பந்து வீட்டுக்குள் வந்தால் எடுத்துத் தரும் வேலைதான் தங்கச்சிக்கு. புதிதாக ஆட்டம் வரும் ஊரில் அப்படி எந்த முன்முடிவும் கிடையாது. வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நாளில்தான் பேட் அறிமுகமாகிறது. கால்பந்தில் பையன்கள் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டார்கள், இதில் இன்னும் யாரும் பிடிக்கவில்லை.

2028-ல் என்ன நடக்கும்?

லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் திரும்ப வருகிறது, 128 வருஷம் கழித்து. ஆண்கள், பெண்கள் இரண்டிலும் ஆறு ஆறு அணிகள், டி20. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திலிருந்து தள்ளி, பொமோனா கண்காட்சித் திடலில் ஆட்டங்கள். அங்கேயும் தற்காலிக ஸ்டேடியம்தான்.

டிக்கெட் விற்கும், சந்தேகமில்லை. இந்தியா ஆடும் நாளில் பே ஏரியாவிலிருந்து கார் கார்களாகக் கிளம்புவார்கள். கேலரியில் பறக்கும் கொடிகளை வைத்து அமெரிக்கா கிரிக்கெட்டை ஏற்றுக்கொண்டது என்று யாராவது கட்டுரை எழுதினால், 1900 பாரிஸை நினைத்துக்கொள்ளலாம். அங்கே நிர்வாகமும் தள்ளாடுகிறது: அமெரிக்க கிரிக்கெட் வாரியத்தின் உறுப்பினர் தகுதியை 2025 செப்டம்பரில் ஐசிசி நிறுத்திவைத்தது.

அமெரிக்காவில் நான் கவனிக்கச் சொல்லும் இடம் வேறு. நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளின் விளையாட்டு லீகில் 2008-லேயே கிரிக்கெட்டைச் சேர்த்துவிட்டார்கள், கூடைப்பந்து மாதிரி, பேஸ்பால் மாதிரி. குடியேறியவர்களின் பிள்ளைகள்தான் அதிலும் அதிகம். ஆனால் பள்ளிக்கூட அணி என்றால் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையனும் ஆள் பத்தலை என்று ஒருநாள் இழுத்துவரப்படுவான். எந்தத் திரையும் நட்சத்திரமும் இல்லாமல், ஒவ்வொரு வசந்த காலத்திலும் அது நடந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கிளையன்ட் மேனேஜர் ஒருநாள் சென்னை ஆபீஸுக்கு நேரில் வரக்கூடும். எல்லாரும் சேர்ந்து அவரைப் பெரிய திரை இருக்கும் ரெஸ்டாரன்ட்டுக்குக் கூட்டிப்போய் மேட்ச் காட்ட நினைப்பீர்கள். அதற்கு முன்னால் சாயங்காலம் அரை மணி நேரம் பார்க்கிங்கில் ஒரு டென்னிஸ் பந்து, ஒரு பேட், ஸ்டம்புக்குப் பதில் தண்ணீர் கேன். முதல் பந்து ட்ரையல். எல்பிடபிள்யூ பற்றி அவர் மறுபடி கேட்டால், நம்ம தெருவில் அது கிடையாது என்று சொல்லிவிடலாம்.